திலாப்பியாவுக்கு ஒரு பெட்டி

இறந்தவர் பெயரைப் பலகையில் எழுதாமல் எங்கள் பட்டறையில் ஒரு மரத்துண்டைக்கூட அறுக்க மாட்டோம். பெயர் இல்லாத பெட்டி தானே ஆள் தேடிக்கொள்ளும் என்பார்கள். நான் அதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். இருபத்தாறு வருடமாகச் சவப்பெட்டி செய்கிறேன். மீறித்தான் பார்ப்போமே என்ற தைரியம் இதுவரை வந்ததில்லை.

அதனால் அந்தப் பெண் பள்ளிச் சீருடையோடு வந்து நின்றபோது நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"யாரும்மா செத்தது?"

"காயல், மாஸ்டர்."

"எந்தக் காயல்?"

"நம்ம ஊர்ல எத்தனை காயல் இருக்கு?" என்றாள். "பாலத்துல நின்னு பாருங்க. பொணம் மாதிரியே ஊதிக் கிடக்குது."

அவள் பெயர் அஜெலே. ஊர் மேல்நிலைப் பள்ளியில் துப்புரவு லீடர். பள்ளியில் லீடர் பதவிகள் ஏழெட்டு உண்டு. விளையாட்டு லீடர், சாப்பாட்டு லீடர் என்றால் அடிதடியே நடக்கும். துப்புரவுக்கு மட்டும் ஆள் நிற்காது, யாராவது இளிச்சவாயன் தலையில் கட்டுவார்கள். இவளோ தானாகக் கை தூக்கி வாங்கிக்கொண்டவள். பெண்ணுக்குக் காய்ச்சலோ என்று ஆசிரியர்களே தொட்டுப் பார்த்தார்களாம்.

எங்கள் பட்டறையில் சாதாரணப் பெட்டியும் உண்டு, உருவப் பெட்டியும் உண்டு. மீனவனுக்கு மீன், லாரிக்காரனுக்கு லாரி, வெங்காயம் விற்றே மூன்று வீடு கட்டியவளுக்கு ஆளுயர வெங்காயம். வாழ்ந்த பிழைப்பிலேயே ஏறிப் போவது எங்கள் கடற்கரையில் ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் காயலுக்கும் செய்ய வேண்டும் என்றாள் அஜெலே. காயலில் பொறுக்கிய குப்பையாலேயே பெட்டி. அதை பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாகத் தூக்கிப்போய் நகர சபை ஆபீஸ் வாசலில் இறக்குவது. "அப்பவாவது அந்த ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெளிய வருவாரான்னு பாப்போம்" என்றாள்.

நான் சரி என்றேன். காயல் பூசாரி சரி என்று சொல்லவில்லை. வெள்ளை உடுப்பும் வெறுங்காலுமாகப் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அவ தூங்குறா. தூங்குற தெய்வத்துக்குப் பெட்டி அடிக்கிறியா நீ? எழுந்தான்னா முதல்ல உன்னைத்தான் கேப்பா" என்றார் என்னிடம்.

மறுநாள் அஜெலே திரும்ப வந்தாள். "சரி, காயல் வேண்டாம். திலாப்பியான்னு எழுதுங்க. அந்த மீன் நிஜமாவே செத்துடுச்சு, பூசாரியும் மறுக்க முடியாது." பலகையில், எண்பத்தொரு வயது லாரி டிரைவர் ஒருவருக்குக் கீழே எழுதினேன்: திலாப்பியா, வயது தெரியவில்லை, காயலில் வசித்தவர். என் கையாட்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் காயலில் பிடித்த மீனைக் கடைசியாக எப்போது தின்றேன் என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

இனி பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் பாக்கெட் தண்ணீர்தான். மூலையைப் பல்லால் கடித்து, உறிஞ்சி, பையைக் கை போன போக்கில் எறிவோம். பத்துப் பாக்கெட்டில் ஆறு 'அஜெலே வாட்டர்'. அதன் ஒரு பக்கத்தில் எட்டு மாதக் குழந்தை ஒன்று இரண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும். மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்தக் குழந்தைதான் இந்த அஜெலே. அவள் பிறந்த வருடம் அவள் அம்மா ஆரம்பித்த கம்பெனி. ஊரே அவளைக் கடித்துக் கடித்துக் குடித்து வளர்ந்திருக்கிறது.

இதை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள் அவளைச் சும்மா விடுவார்களா? குப்பை பொறுக்க அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள், நாலு மாத வேலை. அவளுக்கு அடுத்த பொறுப்பில் இருந்த தெத்தே என்ற பையன் தினமும் மூட்டையோடு வந்து இறக்குவான்.

"லீடர், இன்னிக்கு மட்டும் உன்னைச் சாக்கடையிலேருந்து நாப்பது தடவை தூக்கியிருக்கேன். ஒரு தேங்க்ஸ் சொல்லு."

"தூக்கினது சரி. கழுவினியா?"

"உன் மூஞ்சியை நான் எதுக்குக் கழுவணும்? உங்கம்மாவைக் கூப்பிடு."

அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மூட்டையை அவிழ்க்கும்போது முகம் தெரியும் பக்கத்தைக் கீழே திருப்பிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவும் ஒரு நாள் வந்தாள். எங்கள் வழக்கப்படி அவளை எல்லோரும் அஜெலே அம்மா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் பாங்கிக்காரர்களுக்குத்தான் தெரியும். வேனிலிருந்து இறங்கும்போதே அதட்டிக்கொண்டு இறங்கினாள்.

"லார்யே! என் பொண்ணு இங்க பெட்டி செய்யுறாளாமே, யாருக்கு?"

"மீனுக்கு" என்றேன்.

"மீனை வறுப்பாங்க. பெட்டியில வெச்சு யாராவது புதைப்பாங்களா?"

"அம்மா, நீ பாக்கெட் விக்கிறதை நிறுத்துன்னு நான் சொல்லலை" என்று அஜெலே குறுக்கே வந்தாள். "காலி பையைத் திரும்ப வாங்கிக்கன்னுதான் சொல்றேன்."

"குடிச்சவன் போடுறான். ஒவ்வொருத்தன் பின்னாலயும் நான் ஓடணுமா?"

"நாங்க ஓடுறோமே?"

"நீங்க பிள்ளைங்க. ஓடுங்க. உடம்புக்கு நல்லது."

அறுபது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என்னைத் தனியாக மரக்கட்டைகள் அடுக்கிய பக்கம் அழைத்துப் போனாள். அங்கே அவள் சிரிக்கவில்லை.

"மூணு தடவை உன் குருவோட பட்டறைக்கு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கா, லார்யே?"

இருந்தது. அஜெலேவுக்கு முன் அவளுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து மூன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. குழந்தைகளுக்கு நாங்கள் மீனும் லாரியும் செய்வதில்லை. அவை வாழ்ந்து என்ன பிழைப்பைக் கண்டன? வெறும் பெட்டிதான். மூன்றாவதை குரு என்னிடம் விட்டார். நான் தனியாகச் செய்த முதல் பெட்டி அது, என் கை நீளம்கூட இல்லை.

நாலாவது பிழைத்தது. எட்டு மாதம் தாண்டியதும் போட்டோ பிடித்து, பாக்கெட்டில் அச்சடித்து, ஊரெல்லாம் விற்றாள். ஆயிரம் வாய் இவள் பெயரைச் சொன்னால் சாவு குழம்பிப்போய் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னவர் மடையரோ ஞானியோ, பெண் பதினேழு வயதுக்கு வந்துவிட்டாள்.

அம்மா மகளிடம் திரும்பி வந்தாள். "கேட்டுக்க. அந்தப் பெட்டியில உன் முகம் ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, லீடர் வேலையும் கிடையாது, இந்த ஊரும் கிடையாது. அன்னிக்கே தூரத்துக் குமாசியில சித்தி வீட்டுக்கு பஸ் ஏத்திடுவேன்."

"படாதும்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. ஒண்ணுகூடப் படாது."

அவள் அதற்கு வழியும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஓரத்தில் வெட்டி இரண்டு பாதியாக்கினாள். வெள்ளைப் பாதியைப் பிறை வடிவில் நறுக்கி, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டு, செதில் செதிலாக அடுக்கி ஒட்டினார்கள். வாலுக்கு நீல மீன்வலை, கண்ணுக்கு இரண்டு ஷாம்பூ மூடி. நான் உள்ளே மரச்சட்டம் மட்டும் கட்டிக்கொடுத்தேன். கலை என்று இந்தப் பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் அனுபவத்தில் கூலி வராத வேலைக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் வெயில் படும்போது அந்த மீன் மூச்சு விடுவதுபோல மினுங்கியதை இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கையாட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மிஞ்சியது முகம் உள்ள பாதிகள். பொறுக்கியது எதுவும் மறுபடி குப்பைக்குப் போகக்கூடாது என்பது அஜெலேயின் கண்டிப்பான சட்டம். அதனால் அவற்றைத் தைத்துப் பெட்டிக்கு உள்பக்க லைனிங் ஆக்கச் சொன்னாள். முகம் மரத்தைப் பார்த்து இருக்க வேண்டும், வெள்ளை முதுகுதான் தெரிய வேண்டும். சொல்லிவிட்டு மாதிரித் தேர்வு எழுதப் போனாள். ஒரு வாரம் பட்டறைப் பக்கம் வரவில்லை. தையல் வேலை முதலாம் ஆண்டுப் பெண்கள் இரண்டு பேரிடம் வந்தது. அதில் கோர்கோய் என்பவள் கொஞ்சம் துடுக்கு. அவள்தான் வந்து கேட்டாள்.

"மாஸ்டர், லைனிங்ல எந்தப் பக்கம் மேல வரணும்?"

"நல்ல பக்கம் செத்தவரைப் பாக்கணும். அவர் எழுந்து புரட்டிப் பாக்க முடியுமா?"

"லீடர் வேற மாதிரி சொன்னாங்களே. முகம் மரத்துப் பக்கம்னு."

"பள்ளிக்கூடத்துல அவ லீடர். இங்க நான்தான் லீடர். என் பட்டறையிலேருந்து முதுகைக் காட்டுற லைனிங்கோட ஒரு பெட்டியும் போகாது."

அப்படியே சொன்னேன், வார்த்தை மாறாமல். இருபத்தாறு வருடமாகப் பட்டுத் துணிக்கும் சாட்டினுக்கும் சொல்லி வந்த வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது. அந்தத் தாய் என்னிடம் தனியாகச் சொன்னது எனக்கு மறந்துவிடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. தைத்து முடித்து உள்ளே பொருத்தியபோது குனிந்து பார்த்தேன். அடியிலும் பக்கத்திலும் மூடியின் உள்ளேயும் இம்மியும் இடைவெளி இல்லாமல் சிரிக்கிற குழந்தை. இவ்வளவு நேர்த்தியான லைனிங் என் பட்டறையில் வந்ததில்லை என்றுதான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தேர்வு முடிந்து அஜெலே வந்தபோது மூடி போட்டாயிற்று. "ரெடியா?" என்றாள். "ரெடி" என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையிலிருந்து ஊர்வலம். சுவரெல்லாம் சாவுப் போஸ்டர், 'பேரிழப்பு' என்ற தலைப்போடு. பிள்ளைகள் சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி கட்டி வந்தார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஐந்து பேர், மத்தியானம் வரைக்கும் கூலி பேசி அழைத்தவர்கள். நகர சபை ஆபீசர் வாசலில் நின்று வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் ஊர் ஆபீசர் ஒருவர் சனிக்கிழமை வேலைக்கு வருவதே பாதி வெற்றி. அஜெலே ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒருவன் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள், ஒருத்தியின் அழுகையை ஒத்திகை பார்த்தாள். "இன்னும் சத்தமா அழு, மீன் உனக்குச் சொந்த மாமன்னு நினைச்சுக்க."

அப்போது வேன் வந்தது. அம்மா இறங்கினாள், அவளும் துக்கத் துணியில். யாரும் எதிர்பார்க்கவில்லை. மகள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாலு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"என்ன பாக்குற? என் பொண்ணு வீட்டுச் சாவுக்கு நான் வராம யார் வருவா?" என்றாள். பிள்ளைகள் குடிக்கக் குளிர்ந்த பாக்கெட் மூன்று மூட்டை வேறு கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீனைச் சுற்றி வந்தாள். வாலிலிருந்து தலை வரைக்கும் செதிலை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு முகமும் இல்லை.

"கெட்டிக்காரி. சொன்னதைச் செஞ்சுட்டா" என்று மகள் கன்னத்தைக் கிள்ளினாள். "இந்தக் கண்ணு மட்டும் கொஞ்சம் முழிக்குது, நம்ம ஆபீசர் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கைப்பையைத் திறந்து, மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். இறந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. பெட்டியில் ஒரு துணியாவது வைக்க வேண்டும். எங்களில் அது பெண்களின் வேலை. விளையாட்டுச் சாவு என்றாலும் அவள் முறையை விடவில்லை. "போயிட்டு வாங்க, திலாப்பியா ஐயா" என்று சொல்லிக்கொண்டே தன் கையால் மூடியைத் தூக்கினாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணி கீழே விழுந்தது. வலது கையை முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் விட்டாள், மூடி இனி விழுந்தாலும் கையின் மேல்தான் விழும் என்கிற மாதிரி.

"மூடாதீங்க" என்றாள். "யாரும் மூடாதீங்க."

அஜெலே ஓடிவந்து உள்ளே பார்த்தாள். பிறகு கோர்கோயைப் பார்த்தாள். கோர்கோய் என்னைப் பார்த்தாள். நான் இழைப்புளியைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி, கையை எடுங்க. ஆபீசர் காத்துக்கிட்டிருக்கார்" என்றான் தெத்தே.

"மூடினா போயிடுவா."

"அம்மா, நான் இங்க இருக்கேன். இங்க பாரு, உன் பக்கத்துல நிக்கிறேன்."

"மூணு பேரும் பக்கத்துலதான் இருந்தாங்க. மூடினாங்க. அவ்வளவுதான்."

"தையலைச் சொன்னது நான்" என்றேன். பாண்டு வாத்தியக்காரர்கள் அப்போது பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். "தப்பு என்னோடது. இவ மரத்துப் பக்கம் வைக்கத்தான் சொன்னா. நான்தான் திருப்பினேன்." அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. யார் தப்பு என்பது அவளுக்கு அப்போது ஒரு விஷயமாகவே இல்லை.

அஜெலே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அறுபது பேர். தெரு முனையில் வேடிக்கை பார்க்க ஜனம் சேர்ந்துவிட்டது.

"பெட்டி போகாது" என்றாள்.

"லீடர்! நாலு மாசம்!"

"தெரியும், தெத்தே."

"மூடியைத் திறந்து வெச்சே தூக்கிட்டுப் போலாம். ஒரு மணி நேரம்தான். உங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே வரட்டும்."

"தெருவெல்லாம் அவங்க அதைப் பாத்துக்கிட்டே வரணுமா? முடியாது. பிளேடு எடுத்துட்டு வா. உள்ள இருக்கிற எல்லாத்தையும் பிரிக்கணும்."

"இதுக்குத்தான் லீடரா இருந்தியா? அம்மா முந்தானையில ஒளியவா?"

அவள் பிளேடைத் தானே போய் எடுத்துவந்தாள். பத்துப் பதினைந்து பேர் துக்கத் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெத்தே தெரு முனை வரை போய், ஒரு கல்லை உதைத்து, திரும்பி வந்து அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த ஓரத்துலேருந்து பிரிக்கணும்?" என்றான்.

அடித்தளத்தில் ஆரம்பித்தார்கள். அம்மா கையை எடுக்கவில்லை. அந்தக் கையைச் சுற்றிச் சுற்றியே பிரித்தார்கள். ஆபீசர் ஆள் அனுப்பி விசாரித்தார். பிறகு வேறு ஏதோ விழாவுக்குப் போய்விட்டார். பாண்டுக்காரர்கள் பேசின பேச்சுப்படி மத்தியானம் வரைக்கும் வாசித்தார்கள். நேர்மையான ஆட்கள். மதியம் அஜெலே சோள மாவுக் கெங்கே உருண்டையைப் பிட்டு, மிளகாய்த் துவையலில் தொட்டு, அம்மாவுக்கு ஊட்டினாள். அவள் மறுக்காமல் வாயைத் திறந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் இழைப்புளியைத் துடைக்க ஆரம்பித்தேன். சாவு வீட்டில் பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கே அப்படி.

பிரித்த ஒவ்வொன்றையும் அம்மா இடது கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றில் நெற்றி வரைக்கும் பல் கடித்த தடம். ஒன்றில் கழுவியும் போகாத தார். ஒன்றை வாங்கியவள் வெகு நேரம் கீழே வைக்கவில்லை.

"இது மொத வருஷத்து மசி" என்றாள். "இந்த நீலத்துல மொத வருஷம் மட்டும்தான் அடிச்சோம். அப்புறம் மெஷினை மாத்திட்டேன். உனக்கு ஒன்றரை வயசு."

"பாலத்துக்கு அடியில சேத்துல இருந்துச்சும்மா. அது மாதிரி நிறைய இருக்கு."

"பதினாறு வருஷமா?"

"ஆமாம்மா."

"அப்படியே இருக்கே" என்றாள். "ஒரு பல்லுகூட அழியலையே."

மூன்று மணிக்குக் கடைசி முகமும் வெளியே வந்தது. உள்ளே வெறும் மரம். அதன் பிறகுதான் கையை எடுத்தாள். பெட்டியின் விளிம்பு அழுத்தி முழங்கை சிவந்திருந்தது. ஏழு மூட்டை சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை மாலையில் பட்டறைக் கழிவைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்துவது என் வழக்கம். செய்த தப்புக்கு ஏதாவது ஈடு செய்யலாம் என்று, "கொடுங்க, நான் கொளுத்திடுறேன்" என்றேன்.

"என் பொண்ணு முகத்தையா?"

"குழி வெட்டிப் புதைச்சிடலாம்..." என்று ஆரம்பித்த தெத்தே பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். காயலிலேயே போட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா மூட்டைகளைப் பார்த்தாள். தினம் லாரி லாரியாகப் பாக்கெட்டை வெளியே அனுப்புகிறவள். ஏழு மூட்டையை வைக்க இடம் தெரியாமல் என் பட்டறை நடுவே நின்றாள்.

"அப்ப எங்கதான்டீ போடுறது இதை?" என்றாள் மகளிடம். நிஜமாகவே கேட்டாள்.

"தெரியலம்மா" என்றாள் அஜெலே. "எனக்கும் தெரியலை."

இரண்டு பேரும் மூட்டைகளை வேனில் ஏற்றினார்கள். ஏழும் இப்போது அம்மாவின் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கின்றன என்று வேலைக்காரப் பெண் சொன்னாள். மூன்று வாரம் கழித்து உள்ளே வெறும் மரத்தோடு மீன் ஊர்வலம் போனது. ஆபீசர் வரவில்லை, வாட்ச்மேன்தான் வாங்கி வைத்தான். அஜெலே குமாசிக்குப் போகவில்லை. அந்தப் பேச்சே பிறகு எழவில்லை. கம்பெனி ஓடுகிறது. புதுப் பாக்கெட்டில் குழந்தை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் படம். காலிப் பையைத் திரும்ப வாங்கிக்கொள்வது பற்றி அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் விடியற்காலையில் பாலத்தைக் கடக்கிறவர்கள் பார்க்கலாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அஜெலே அம்மா சேற்றில் இறங்கியிருப்பாள். பழைய பாக்கெட்டை மட்டும்தான் எடுப்பாள். அதிலுள்ள குழந்தை முகத்தைத் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வாள். மற்றவன் பாக்கெட், தன்னுடைய சொட்டுத் தண்ணீர்ப் பாக்கெட் எதையும் தொட மாட்டாள், தாண்டிப் போய்விடுவாள். அவளுக்குப் பின்னால் மகள் குனிந்து குனிந்து, அம்மா விட்டுப்போன மற்ற எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருகிறாள்.